தெற்கே முந்நூற்று எழுபத்தொன்பது கிலோமீட்டர்

ஆகஸ்ட் 11

பாவாயி இந்த டைரியைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "உங்க பேச்சக் கேட்டுக் கேட்டு என்ற காது தேஞ்சு போச்சுங்க. இனிமே இதுல எழுதுங்க. இது எந்திரிச்சு ஓடாது" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய பெண்சாதி பேசுகிற பேச்சு இது. சரி, எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் நான். அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்று ஒரு கலெக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பெயர் மறந்துவிட்டது.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகள் தாரிணி பெங்களூர் கம்பெனிக்கு இங்கே சங்ககிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமையானால் டப்பா தேடக் கிளம்பிவிடுவாள். ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் பூராவும் ஆட்கள் சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, இருக்கும் இடத்தைப் போனில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். இன்று என்னையும் கூட்டிப் போனாள். மலைக்கோட்டை அடிவாரத்தில் பாறை இடுக்கில் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அவள் முதலில் பார்த்தாள் என்பது வேறு விஷயம்.

உள்ளே ஒரு பாட்டில் ஓப்பனர். அதோடு நம்பர் அடித்த ஒரு தகடு. தாரிணி நம்பரைப் போனில் தட்டியதும் அதன் ஜாதகமே வந்துவிட்டது. பின்லாந்தில் கிளம்பி, டப்பா டப்பாவாகக் கை மாறி, ஜெர்மனி, துருக்கி, கோவா எல்லாம் பார்த்து இங்கே வந்திருக்கிறது. இதுவரை வந்த தூரம் 11,642 கிலோமீட்டர்.

"தப்பு. ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அதச் சேர்த்தாங்களா?" என்றேன்.

"இல்லீங் மாமா. ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் நேர்கோடு போட்டுக் கணக்குப் பண்ணும். காக்கா பறக்கற தூரம்."

"காக்கா டீசல் போடுமா, டயர் மாத்துமா? லாரிக்காரனக் கேக்காம கண்டுபிடிச்சா இப்படித்தான்."

ஓப்பனரை அனுப்பியது ஒரு கிழவி. அதை எங்கே சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாள். கன்னியாகுமரி.

"நேர்கோட்டுல 379 கிலோமீட்டர்தானுங் மாமா. ரெண்டு வாரத்துக்கு மேல கையில வெச்சுக்கக் கூடாது. நீங்களே கொண்டு போயிருங்க. இருவத்தெட்டு வருசம் லாரி ஓட்டுனவருக்கு இதெல்லாம் ஒரு தூரமா?"

பார்க்கலாம் என்றேன். தெற்கு ரோடு எனக்குப் பிடிக்காது. வெயில் அதிகம். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை. ஓப்பனர் அலமாரியில்.

ஆகஸ்ட் 19

தாரிணியை ஆபீசில் கூப்பிட்டார்களாம், ஒன்றரை மாசத்துக்குப் பெங்களூர் போய்விட்டாள். போவதற்கு முன் என் போனில் அந்த ஆப்பை ஏற்றி, எழுதச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டேன். ஆறு தடவை என்று அவள் பாவாயியிடம் சொன்னது வீண் பழி.

ஓப்பனரை அனுப்பிய பின்லாந்துக் கிழவியிடமிருந்து இன்று ஆப்பிலேயே கடுதாசி. பேர் ஐலி, வயசு எண்பத்தொன்று. போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது. "மதிப்பிற்குரிய அங்கமுத்து அவர்களே, மறைந்த என் கணவரின் புட்டி திறப்பான் தங்கள் கரங்களை அடைந்தமை அறிந்து பேருவகை கொள்கிறேன்" என்று கல்வெட்டு மாதிரி இருந்தது. பாவாயிக்கு வாசித்துக் காட்டினேன்.

புருஷன் பெயர் ஆர்வோ. நம் ஜாதி. லாரி ஜாதியைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் பால் டேங்கர் ஓட்டியிருக்கிறார். ஒரே ரோடு, போக அறுபது, வர அறுபது, பாதி வருஷம் பனி. சமையல்கட்டில் ஒரு உலகப் படம் ஒட்டியிருந்ததாம். சாப்பிட்டதும் அதில் விரலை வைத்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டே வந்து, தரை முடிகிற இடத்தில் நிறுத்துவாராம். அது கன்னியாகுமரி. ஒரு நாள் போகலாம் என்பாராம். போகவில்லை.

கிழவிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. வருஷக் கடைசிக்கு மேல் படம் பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் அந்த ஓப்பனர் கன்னியாகுமரிக் கடலோரத்தில் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம்.

"பாவமுங்க. நாளைக்கே பஸ் ஏறுங்க" என்றாள் பாவாயி.

"பஸ்ஸா? இந்த அங்கமுத்து பஸ்ஸுல போவானா?"

"லாரியும் இல்ல, காலுக்கு வலுவும் இல்ல. பின்ன பறந்தா போவீங்க?"

ஐலிக்குப் பதில் எழுதினேன். கன்னியாகுமரிக்கு நேராகப் போவது கத்துக்குட்டிகள் வேலை அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் இந்தியாவைச் சுற்றிக் காட்டிவிட்டு அப்புறம் தெற்கே இறக்குகிறேன் என்று.

ஆகஸ்ட் 27

நாக்பூர் போய்விட்டேன்.

அதாவது ஆப்பில் போட்டேன். நாக்பூரில் ஒரு டப்பா இருக்கிறது, அதைக் கண்டேன் என்று தட்டி, ஓப்பனரும் கூட வந்தது என்று தட்டினால், தூரம் தன்னால் ஏறிவிடுகிறது. 1,083 கிலோமீட்டர். பொய் இல்லை. நாக்பூருக்கு நான் நாற்பது தடவையாவது போயிருக்கிறேன். முன்னாலேயே போய்விட்டு வந்தவன் இப்போது எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடவே ஒரு பக்கம் எழுதினேன். ஊருக்கு வெளியே மைதானத்தில் ஆரஞ்சு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு கூடை வாங்கி கேபினில் வைத்தால் நாலு நாளைக்கு டீசல் வாசமே தெரியாது. என்னோடு மாற்றி மாற்றி வண்டி ஓட்டிய நாச்சிமுத்து தோலைக் கூட எறியமாட்டான். என்ஜின் மேல் காயப் போடுவான். அவன் வைக்கிற அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அந்த வாசம் ஏறிவிடும். லாரி நிழலில் உட்கார்ந்து தட்டில் வாங்கிச் சாப்பிடுவோம். அந்தச் சோறு இன்றைக்கு எந்த ஓட்டலில் கிடைக்கும்? பாவாயியும் செய்கிறாள். ஏதோ செய்கிறாள்.

ஐலி உடனே பதில் போட்டாள். "அந்த ஆரஞ்சுப் பழங்களின் நறுமணத்தை என் சமையலறையில் உணர்ந்தேன்." பாவாயியிடம் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 3

லாரி ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு புது டிரைவர் பையன், "அண்ணா, அந்தக் கயத்தாறு கதையச் சொல்லுங்க" என்று கேட்டான். மற்றவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சொன்னேன். தொண்ணூற்றெட்டு, ஆடி மாசம். நாகர்கோவிலுக்குப் பருத்திப் பிண்ணாக்கு லோடு. மத்தியானம் மூணு மணி. நாச்சிமுத்து ஸ்டீயரிங்கிலேயே தூங்கிவிட்டான். எதிரே ஆட்டு மந்தை. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் வண்டி இடது பக்கம் கவிழ்ந்தது. அவன் கால் நசுங்கிவிட்டது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூணு மைல் நடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். டீக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

வீட்டில் பாவாயி, "ஸ்டாண்டுல இன்னைக்கும் அந்தக் கதைதானுங்களா?" என்றாள். அந்த டீக்கடைக்காரர் பெண்சாதியும் இவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். "போன வருசம் ஒரு மைலுதானே தூக்கிட்டுப் போனீங்க? நாச்சிமுத்தண்ணனுக்கு வருசா வருசம் தூரம் ஏறிட்டே போகுது."

செப்டம்பர் 9

ஜான்சி. 480 கிலோமீட்டர். அங்கே ரோட்டோரக் கடையில் கயிற்றுக் கட்டில் போட்டு, பித்தளைச் சட்டியில் பருப்பு கொடுப்பார்கள். ஐலிக்கு எழுதினேன். ஓப்பனரால் சோடா உடைத்துக் குடித்தேன் என்றும் சேர்த்தேன். அவள் சிரிக்கிற பொம்மை அனுப்பினாள்.

செப்டம்பர் 15

கௌஹாத்தி. ஒரே போடாக 1,316. பிரம்மபுத்திரா பாலத்தின் மேல் போகும்போது நாச்சிமுத்து ஒரு ரூபாய் எறிந்து கும்பிட்டான். எதற்கடா என்றேன். இவ்வளவு தண்ணியப் பார்த்துட்டுச் சும்மா போறதா என்றான். எங்கள் ஊர் வறண்ட கிணறுகளைப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும். அன்றுதான் சொன்னான், கடல் மூணு ஒண்ணாச் சேருற இடத்துக்கு ஒரு தடவை போகணும்டா, நாகர்கோவில் லோடு எதாச்சும் மாட்டுனா அப்படியே இறங்கிப் பார்த்துட்டு வந்துரலாம் என்று.

செப்டம்பர் 22

கல்கத்தா 523. அங்கிருந்து வீடு திரும்ப 1,660. மொத்தம் 16,704 ஆகிவிட்டது. நான் ஒரு ஆள், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஐயாயிரத்து அறுபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

கயத்தாறில் வண்டி கவிழ்ந்த அன்றைக்கும் லோடு இறக்கிவிட்டுக் கன்னியாகுமரி போவதாகத்தான் இருந்தோம். கோவில்பட்டியில் நாலு புரோட்டா சாப்பிட்டேன். வெயில் கண்ணாடி வழியாக முகத்திலேயே அடித்தது. ஆடுகளைப் பார்த்து நான் பிரேக்கில் கால் வைத்தபோது

மேலே இருப்பது தப்பு. நாச்சிமுத்து கால் வைத்தபோது.

செப்டம்பர் 30

ஐலி எழுதியிருக்கிறாள். இடது கண் போய்விட்டதாம். வலது கண் இன்னும் இருக்கிறதாம். "எப்போது தெற்கு நோக்கித் திரும்புவீர்கள்?"

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

அக்டோபர் 6

தாரிணி பெங்களூரிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலேயே, "மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

நாக்பூர் டப்பாவுக்குச் சொந்தக்காரர் ஒரு காலேஜ் வாத்தியார். ஆள் தன் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறார். தாளில் என் பேர் இல்லை. ஆரஞ்சு வண்டி நிற்கிற மைதானம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே இப்போது மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது ஐயா, ஆரஞ்சு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது என்று எழுதி, என் பதிவை எடுத்துவிட்டார். ஜான்சி இன்னும் மோசம். அந்த டப்பா போன வருஷமே காணாமல் போய்விட்டதாம்.

"இல்லாத டப்பாவ எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"நான் போனப்ப இருந்துச்சு."

"எப்ப போனீங்க?"

"தொண்ணூத்தி ஒண்ணு."

"அப்ப இந்த ஆட்டமே கெடையாதுங் மாமா." உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மா ஒவ்வொரு ஊரையும் மேப்புல ஊசி குத்தி வெச்சிருக்காங்களாம். அவங்க வீட்டுக்காரர் போயிட்டு வந்ததா நெனச்சுட்டு. கண்ணு போறதுக்குள்ள ஒரே ஒரு எடம் கேட்டாங்க. அங்க மட்டும் ஏன் போகல?"

வெயில் என்றேன். அவள் அப்பாவின் கோபம் அப்படியே அவளுக்கும் வந்திருக்கிறது. டீ குடிக்காமல் போய்விட்டாள்.

அக்டோபர் 8

ஐலி ஒரே வரி. "நாக்பூர் நீக்கப்பட்டது ஏன்?"

பதில் எழுதவில்லை.

அக்டோபர் 13

பாவாயி பரணில் ஏறி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துவந்தாள். பத்து வருஷப் பழசு. நாச்சிமுத்து மகள் கல்யாணம். பணகுடி, நான்குவழிச் சாலை, டயர் பஞ்சர் கடை என்று விலாசம் இருந்தது. நான்தான் பரணில் போட்டேன்.

"பணகுடி எந்தப் பக்கமுங்க?" என்றாள்.

"கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"வழியிலதான?"

"ஆமா."

"அதான் இத்தன நாளு நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் சுத்தறீங்களா?"

பத்திரிகையை வாங்கி மறுபடி பரணில் போட எழுந்தேன். பாவாயி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில அவரு பொண்டாட்டி என்ற கையப் புடிச்சுட்டுச் சொல்லிருச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இருவத்தாறு வருசமாச்சு. கட்டுச்சோறு கட்டித் தாரேன், கெளம்புங்க."

அக்டோபர் 14

எழுதிவிடுகிறேன். டைரி எழுந்து ஓடாது.

ஓட்டியது நான். தூங்கியது நான். நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல், இடது பக்கம் போர்த்தி உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் நான் லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. இன்று நாளை என்று விட்டுவிட்டேன். வண்டிக்கு அடியில் கால் மாட்டிக் கிடந்தவன், போலீஸ் வருவதற்குள் என்னைக் கூப்பிட்டு, "என்ற பேர்ல எழுதச் சொல்லு. உனக்கு லைசென்ஸ் இல்லைன்னா இன்சூரன்ஸ் வராது, மொதலாளி நடுத்தெருவுக்கு வந்துருவாரு" என்றான். எங்கள் தொழிலில் இது உண்டு. லைசென்ஸ் இருக்கிறவன் பேரில்தான் எழுதுவார்கள். கேஸ் அவன் மேல். லைசென்ஸ் போனது அவனுக்கு. கால் போனதும் அவனுக்கு. அப்புறம் பெண்சாதி ஊரான பணகுடிக்கே போய்விட்டான்.

அதுவரைக்கும் தொழில் வழக்கம். தூங்கிவிட்டான் என்பது நான் சேர்த்தது. தோளில் தூக்கியதும் நான் சேர்த்தது. ஒரு டிராக்டரில்தான் கொண்டு போனார்கள். ஸ்டாண்டில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கதை அப்படி வந்துவிட்டது. நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 16

ஐலிக்கு எழுதினேன். நாக்பூர், ஜான்சி, கௌஹாத்தி, கல்கத்தா நான்கும் இப்போது போனது இல்லை, பழைய டிரிப்புகள் என்று. தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த பதிவுகளை நீக்கினாள். தூரம் பழையபடி 11,642க்கு இறங்கியது.

அக்டோபர் 18, பணகுடி

விடியலில் பஸ். கரூர், திண்டுக்கல், மதுரை. ஜன்னல் சீட்டு. கோவில்பட்டியில் எல்லாரும் இறங்கிச் சாப்பிட்டார்கள், நான் இறங்கவில்லை. கயத்தாறு தாண்டியபோது அந்த இடம் எது என்று தெரியவில்லை. ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தும் தெரியவில்லை.

கடை ரோட்டின் மேலேயே இருந்தது. நாச்சிமுத்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இன்னொரு டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்துவிட்டது. இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. நிமிர்ந்து பார்த்தான். மறுபடி டயரைப் பார்த்தான்.

"பஸ்ஸுலயா வந்தீரு?"

இருபத்தாறு வருஷத்தில் அவன் பேச்சே தெற்கத்திப் பேச்சாகிவிட்டது.

"ஆமா."

"மூணு மைலு நடந்து வந்திருக்கலாம்லா. ஒமக்குப் பழக்கந்தானே."

பையை இறக்கி ஒரு டயரின் மேல் வைத்தேன்.

"சங்ககிரி வண்டி இந்த ரோட்டுல தெனம் நாலு வருதுவே. பஞ்சர் ஒட்ட நிப்பாட்டுவான். பேரக் கேப்பான். 'தூங்கி வண்டியக் கவுத்த நாச்சிமுத்து நீங்கதானா'ம்பான். சின்னப் பயலுவ. நான் காத்தடிச்சுக் குடுத்து அனுப்புவேன். எம் பேர்ல எழுதச் சொன்னது நாந்தான், அத நான் சொல்லிக் காட்டமாட்டேன். தூங்குனேன்னு எழுதச் சொன்னனாடா?"

அந்தக் கடைசி வரி எங்கள் ஊர்ப் பேச்சில் வந்தது.

"இல்ல" என்றேன். "தூங்குனது நான்."

"அது எனக்குத் தெரியும். எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அங்க போய்ச் சொல்லு."

"சொல்றேன்."

"எத்தன பேருகிட்டச் சொன்னியோ அத்தன பேருகிட்டயும்."

"அதுல பாதிப் பேரு செத்துட்டாங்க நாச்சி."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே பார்த்து, ரெண்டு டீ சொன்னான். ஓப்பனரைக் காட்டினேன். பின்லாந்துக்காரர் கதையைச் சொன்னேன். அறுபது கிலோமீட்டர், முப்பத்தொரு வருஷம் என்றதும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேங்கரா? பாதி லோடுன்னா பாலு உள்ள அலம்பும். வளைவுல இழுக்கும். லேசுப்பட்ட வேலை இல்ல" என்றான். கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"நான் நூறு தடவ பாத்தாச்சு. நீ போ."

அக்டோபர் 19, கன்னியாகுமரி

டப்பா கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சுவர் மூலையில் இருந்தது. நானே தேடினேன், ஒரு மணி நேரம். தாளில் பேர் எழுதினேன். ஓப்பனரைக் கடலுக்கு முன்னால் பாறையில் வைத்து, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று மூன்று போட்டோ. அப்புறம் டப்பாவுக்குள் வைத்தேன்.

ஆப்பில் எழுதியது: சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கடல் இருக்கிறது. காற்று அதிகம்.

தூரம் 12,021.

அக்டோபர் 23

ஐலியிடமிருந்து பதில். மூன்று போட்டோவையும் மகள் பெரிதாக்கிக் காட்டினாளாம். தெற்கே எடுத்ததைத்தான் அதிக நேரம் பார்த்தாளாம். அந்த நாலு ஊர் ஊசிகளையும் எடுத்துவிட்டாளாம். "உங்கள் மீது வருத்தம் உள்ளது. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஆரஞ்சுகள் மெய்யா?"

ஆரஞ்சு மெய்தான், வருஷம்தான் தப்பு என்று எழுதினேன்.

அக்டோபர் 24

ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தேன். கயத்தாறில் ஸ்டீயரிங்கில் இருந்தது நான், தூங்கியது நான், நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல், தூக்கிப் போனது டிராக்டர் என்று கடைசி வரை சொன்னேன்.

அப்புறம் புது டிரைவர் பையன் தொடையில் தட்டிச் சிரித்தான். "அண்ணா, பழைய கதையவே திருப்பிப் போட்டு ஓட்டறீங்களே. போன மாசம் மூணு மைலு தூக்குனீங்க, இந்த மாசம் நீங்களே தூங்கிட்டீங்களா?"

"இல்ல தம்பி, இதுதான் நெசம்."

"அதத்தான் அன்னைக்கும் சொன்னீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் என் முன்னால் டீயை வைத்து, "பழசுதான் நல்லா இருந்துச்சுங்கண்ணா. ஆடு, மூணு மைலு எல்லாம். இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். சத்தியம் பண்ணினேன். இன்னும் சிரித்தார்கள். பின்லாந்து, பஸ், பணகுடி எல்லாம் சொன்னேன், சொல்லச் சொல்ல இன்னும் கதை மாதிரிதான் ஆனது.

வீட்டுக்கு வந்து பாவாயியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கையை ஆட்டிக்கிட்டுச் சொல்லியிருப்பீங்க" என்றாள்.

ஆமாம். ஸ்டீயரிங் ஒடிக்கிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கித்தான் சொன்னேன்.

நாளைக்கு மறுபடி போக வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். நம்பாவிட்டால் நாளை மறுநாளும்.